ஆரம் ஆறு கிலோமீட்டர்

போனை வாங்கி மஞ்சள் பைக்குள் போட்டுக்கொண்டார்கள். அதில் புதுசாக ஒன்றும் இல்லை, பொதுத்தேர்வு என்றால் அறைக் கண்காணிப்பாளர் யாராக இருந்தாலும் தலைமையாசிரியர் அறையில் போனைக் கொடுத்துவிட்டு, பேர் எழுதின துண்டுச் சீட்டை அதன்மேல் ரப்பர் வளையம் போட்டு மாட்டிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும், ஆவுடையப்பன் சாருக்கு வருஷா வருஷம் பழகின காரியம். ஆனால் இன்றைக்கு அந்தப் பை போய்ப் பீரோவுக்குள் உட்கார்ந்து பூட்டு விழுந்த பிறகும் அவர் வாசலை விட்டு நகராமல் நின்றார். பெங்களூரில் தனியாக இருக்கிற மகள் வடிவு சனிக்கிழமையிலிருந்து போனை எடுக்கவில்லை, இன்றைக்குச் செவ்வாய். அவரோடு அவள் பேசி ஒரு வருஷம் ஆகிறது, அது வேறு விஷயம். தினம் ஒரு தடவை அம்மாவிடம் பேசிவிடுவாள், இப்போது அதுவும் இல்லை. காலையில் அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தபோது மனைவி கோமதி முன்னால் வந்து நின்று, அந்த நோட்டில் அப்படி என்னதான் எழுதி அனுப்பினீர்கள் என்று கேட்டாள். கணக்கைத் திருத்தினேன் என்றார். அவள் தலையில் அடித்துக்கொள்ளவில்லை, சத்தம் போடவில்லை, வடிவு குடியிருக்கிற மாடிக்குக் கீழே இருக்கிற வீட்டுக்கார அம்மாவின் நம்பரை எங்கேயோ எழுதி வைத்திருக்கிறேன், தேடி எடுத்துப் பேசிவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று மட்டும் சொன்னாள். எப்போது கூப்பிடுவாள், ஒன்பதரைக்கா, பத்துக்கா, எப்போது கூப்பிட்டாலும் அது பீரோவுக்குள்தான் அடிக்கும். ஒன்றேகால் மணி வரைக்கும் இந்த அறையை விட்டு அவர் நகர முடியாது. வினாத்தாள் உறையை இரண்டு பிள்ளைகளிடம் காட்டிக் கையெழுத்து வாங்கிக் கத்தரித்தார், இருபது பேருக்கும் கொடுத்தார், வரலாறு. இயற்பியல் ஆசிரியருக்கு இயற்பியல் பரீட்சை அன்றைக்கு வேலை போடமாட்டார்கள், இப்படித்தான் மற்ற நாளில் போடுவார்கள். பத்தேகாலுக்கு மணி அடித்தது, இருபது தலையும் குனிந்தது, மேலே மின்விசிறி டக் டக் என்று ஒரு சுற்றுக்கு ஒரு தடவை தட்டியது. இனி மூன்று மணி நேரம் நிற்கவேண்டும், நடக்கவேண்டும், நினைக்கவேண்டும், வேறு ஒன்றும் செய்வதற்கில்லை.

நாற்பது பக்கம் கோடு போட்ட நோட்டு அது, போன வாரம் கூரியரில் வந்தது. மேலே அவர் பேர், அவள் கையெழுத்து. ஒரு வருஷம் கழித்து மகள் கையெழுத்தைப் பார்த்த மனுஷனுக்கு எப்படி இருந்திருக்கும், கால் கழுவாமல் சாப்பாட்டு மேசையிலேயே உட்கார்ந்து பிரித்தார். கடிதம் இல்லை. நலமா என்று ஒரு வரி இல்லை. முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் ‘கோளின் பெயர்: நெல்லி’ என்று தலைப்பு, அதன்கீழே பத்தாம் வகுப்பு செய்முறை நோட்டில் எழுதுகிற மாதிரியே நோக்கம், கருவிகள், செய்முறை, காட்சிப்பதிவுகள். கம்ப்யூட்டரில் அவள் விளையாடுகிற ஒரு விளையாட்டு. அதில் ஆளைத் தனியாக ஒரு கோளில் கொண்டுபோய் இறக்கிவிடுகிறார்கள், கல் உடைத்து மரம் வெட்டி வீடு கட்டிக்கொள்ளவேண்டும், சண்டை கிடையாது, எதிரி கிடையாது, வேறு ஆளே கிடையாது. அந்தக் கோளுக்கு இவள் வைத்த பேர்தான் நெல்லி. ஒரு மீட்டர் கல்லாக இருபது அடுக்கிக் கோபுரம் கட்டி, உச்சியிலிருந்து ஒரு கல்லைத் தள்ளிவிட்டு நேரம் பார்த்திருக்கிறாள், பத்துத் தடவை, சராசரி இரண்டு விநாடிக்குக் கொஞ்சம் மேலே, ஆகவே ஈர்ப்பு முடுக்கம் ஒன்பது புள்ளி எட்டு, நம்முடையதுதான். ஒரு சூரிய உதயத்திலிருந்து அடுத்த உதயம் வரை இருபத்துநாலு நிமிஷம். புல் அசைகிறது, ஆகவே காற்று இருக்கிறது என்று ஒரு குறிப்பு. அவருக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. மகள் தன்னோடு பேசிவிட்டாள், அதுவும் தன் பாஷையில் பேசிவிட்டாள், இதைவிட என்ன வேண்டும். அதனால்தான், ஆமாம் அந்தச் சந்தோஷத்தில்தான், உள்ளே போய்ச் சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு வந்தார். அவருக்கு அன்பு என்றால் அதுதான். சொந்த மகள் என்று வகுப்பில் அரை மதிப்பெண் கூடப் போட்டதில்லை, கூட்டிப் போட்டால் அவள் கெட்டிக்காரத்தனத்துக்கு அவமானம் என்று நினைக்கிற ஆள். அலகு எழுதவில்லை, அரை குறைத்தார். வரைபடத்துக்கு அளவுகோல் குறிக்கவில்லை, ஒன்று குறைத்தார். நாலாம் பக்கத்தில் ‘ஆரம் ஆறு கிலோமீட்டர்’ என்று இருந்தது, வட்டம் போட்டுப் பக்கத்தில் ‘6400?’ என்று எழுதினார். அதற்குக் கீழே, உள்ளே ஏதோ ரொம்பக் கனமாக இருக்கவேண்டும், பூமியைப் போல ஆயிரம் மடங்கு கனம் என்று எழுதியிருந்தாள், ‘பொருந்தாது’ என்று போட்டார். அடியெடுப்பில் பிழை என்றால் அடுத்து வருவதெல்லாம் பிழை, எட்டாம் பக்கம் வரைக்கும் குறுக்கே நீளமாக ஒரு கோடு இழுத்துக்கொண்டே போனார். கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு வரி இருந்தது. இங்கே வாழ முடியுமா, அப்பா?

அதற்கும் பதில் எழுதினார். ‘முடியாது. சுழற்சி வேகம் மிக அதிகம். எடையைப் போல் பன்னிரண்டு மடங்கு விசை வெளியே இழுக்கும், தூக்கி எறிந்துவிடும்.’ அதன் கீழே பத்துக்கு ஆறு என்று வட்டம் போட்டுக் கையெழுத்தும் தேதியும். வியாழக்கிழமை கூரியரில் அனுப்பினார், சனிக்கிழமை போய்ச் சேர்ந்ததாகச் செய்தி வந்தது. சனிக்கிழமையிலிருந்துதான் போன் எடுக்கவில்லை. மூன்றாவது வரிசையில் ஒரு பெண் பேனாவின் மூடியைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தாள், அவர் பார்க்கிறார் என்று தெரிந்ததும் குனிந்துகொண்டாள். முடியாது என்று எழுதிய கை இந்தக் கைதான், நடுவிரலில் சிவப்பு மை இன்னும் நகக்கண்ணில் இருக்கிறது. முடியாது என்று எழுதும்போது அது என்ன கேள்வி என்று யோசித்தாரா என்றால் யோசிக்கவில்லை. கேள்வி என்றால் விடை, அவ்வளவுதான். போன வருஷமும் இப்படித்தான். கல்யாணமாகிப் பதினாலாவது மாதத்தில் ஒரு பெட்டியோடு வந்து நின்று, அங்கே இருக்க முடியவில்லையப்பா என்றாள். அடித்தானா என்று கேட்டார், இல்லை. குடிக்கிறானா, இல்லை. வேறு பெண் சகவாசமா, இல்லை. பிறகு என்னதான் காரணம், காரணம் இல்லாமல் எப்படி இருக்க முடியாமல் போகும் என்று கேட்டுக்கொண்டே போனார், ஒவ்வொன்றாய் அடித்துக்கொண்டே வந்து மிச்சம் எது நிற்கிறதோ அதுதான் விடை என்று நினைக்கிற புத்தி. அவள் சொல்லத்தான் பார்த்தாள். அந்த வீட்டில் எல்லாரும் நல்லவர்கள், எனக்குத்தான் மூச்சு முட்டுகிறது என்றாள். அது ஒரு காரணமா என்று கேட்டார். கேட்டுவிட்டு நிமிர்ந்தபோது அவள் பெட்டியை மறுபடி கையில் எடுத்திருந்தாள். அடுக்களை வாசலில் கோமதி நின்றுகொண்டிருந்தாள், அவள் கையில் மகளுக்குக் கலந்த காப்பி இருந்தது. அந்தக் காப்பியை யார் குடித்தார்கள் என்று அவருக்கு ஞாபகம் இல்லை. ஒருவரும் குடித்திருக்கமாட்டார்கள்.

சுவர்க் கடிகாரத்தில் பத்தே முக்கால். நெல்லியில் ஒரு பகல் ஒரு ராத்திரி கழிந்து மறுநாள் விடிந்திருக்கும் என்று ஒரு நினைப்பு வந்தது, துரத்தினார், போகவில்லை. இருபத்துநாலு நிமிஷத்துக்கு ஒரு நாள் என்றால் இந்தப் பிள்ளைகள் எழுதி முடிப்பதற்குள் அங்கே ஏழரை நாள். சனிக்கிழமையிலிருந்து எத்தனை நாள், வேண்டாம், அந்தப் பெருக்கல் வேண்டாம். போனை எடுக்காத பிள்ளை என்ன செய்துகொண்டிருப்பாள், தூங்குகிறாளா, காய்ச்சலா, தனியாக ஒரு அறை, மேலே ஒரு மின்விசிறி. சார் என்று யாரோ கூப்பிட்டார்கள், தண்ணீர் வேண்டுமாம், கொடுத்தார், தரையில் சிந்தியது. வேறு எதையாவது நினைக்கவேண்டும் என்று ஜன்னல் ஓரமாய் வந்து நின்றார். வேறு எது வரும், நோட்டுதான் வந்தது. நாலாம் பக்கம் அப்படியே கண்முன் நின்றது. வீட்டு வாசலில் ஒரு கொடி நட்டேன், வடக்கே பார்த்து ஓட ஆரம்பித்தேன், ஒரே பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தேன், விநாடிக்கு ஐந்து மீட்டர், இரண்டு மணி ஆறு நிமிஷம், ஐந்து தடவை இருட்டி விடிந்தது, கடைசியில் என் வீட்டுப் பின்பக்கமாய் வந்து சேர்ந்தேன் என்று எழுதியிருந்தாள். அதைப் படித்தபோது அவர் அங்கே என்ன செய்தார், ‘செயப்பாட்டு வினையில் எழுது, தன்மை வேண்டாம்’ என்று ஓரத்தில் குறித்தார். இரண்டு மணி ஆறு நிமிஷம். பத்தேகாலுக்கு இந்தப் பிள்ளைகளோடு அவளும் ஓட ஆரம்பித்திருந்தால் பன்னிரண்டு இருபத்தொன்றுக்கு வந்து சேருவாள். சரி பார்ப்போம் என்று நின்றார், ஏதோ பிடிவாதம். பதினொன்று ஆயிற்று, பதினொன்றரை ஆயிற்று, டீ வந்தது, குடிக்கவில்லை. முழங்கால் கடுத்தது. ஒரு பொத்தானை இவ்வளவு நேரம் அழுத்தினால் விரல் என்னத்துக்கு ஆகும். எதற்காக ஓடினாள், திரையில் எதிரே ஒருவரும் வரமாட்டார்கள் என்று தெரிந்தும் ஏன் ஓடினாள். பன்னிரண்டு. பிள்ளைகள் பக்கம் புரட்டுகிற சத்தம். பன்னிரண்டு இருபது. முள் இருபத்தொன்றைத் தொட்டபோது அவருக்கு நிஜமாகவே அவள் வந்து சேர்ந்துவிட்ட மாதிரி, கொடிக்குப் பின்னால் மூச்சு வாங்க நிற்கிற மாதிரி இருந்தது, அந்த மாதிரி நின்றபோதுதான் சுரீர் என்று உறைத்தது. இரண்டு மணி நேரத்தில் ஓடிச் சுற்றி வருகிற கோளுக்கு எப்படியடா ஆரம் ஆறாயிரத்து நானூறு?

ஆறுதான். அவள் எழுதியது ஆறுதான். விநாடிக்கு ஐந்து, ஏழாயிரத்து ஐந்நூற்றறுபது விநாடி, முப்பத்தேழாயிரத்து எண்ணூறு மீட்டர் சுற்றளவு, இரண்டு பை-யால் வகுத்தால் ஆறாயிரம். மீட்டர். கிலோமீட்டர் இல்லை, மீட்டர். இருபத்தாறு வருஷம் கரும்பலகையில் எழுதி எழுதி, ஆரம் என்றால் கை தானாக ஆறாயிரத்து நானூறு என்று பூமியைப் போட்டுவிட்டது, கேடுகெட்ட கை. ஜன்னல் கட்டையில் தூசி கனமாய்ப் படிந்திருந்தது, தாள் வைத்துக்கொள்ளக் கூடாது, விரலால் அதிலேயே எழுதினார். ஆறாயிரத்தை ஒன்பது புள்ளி எட்டால் வகு, அறுநூற்றுப் பன்னிரண்டு, வர்க்கமூலம் கிட்டத்தட்ட இருபத்துநாலே முக்கால், இரண்டு பை-யால் பெருக்கு, நூற்றைம்பத்தைந்து விநாடி. இரண்டரை நிமிஷத்துக்கு ஒரு சுற்று சுற்றினால்தான் நெல்லி ஆளைத் தூக்கி எறியும், அது இருபத்துநாலு நிமிஷத்துக்கு ஒரு சுற்று நிதானமாகச் சுற்றுகிறது. விசை எடையில் எண்பத்தாறில் ஒரு பங்கு. ஐம்பது கிலோ ஆளுக்கு அரைக் கிலோவுக்குச் சற்று மேலே குறையும், அவ்வளவுதான், அது ஒரு செம்புத் தண்ணீரின் பாரம் கூட இல்லை. உள்ளே இருக்கிற கனத்துக்கும் பொருந்தாது என்று போட்டோமே, செத்துப்போன நட்சத்திரத்தில் அந்தக் கனம் உண்டு என்று வருஷா வருஷம் பாடம் நடத்துகிறது யார்? விடைத்தாள் திருத்தும் முகாமில் ஊர்பேர் தெரியாத பிள்ளை முதல் வரியில் தப்பாக எழுதிவிட்டால் கூட, வழிமுறை சரி என்று அடுத்தடுத்த வரிக்கு மதிப்பெண் கொடுக்கிற மனுஷன்தான் இவர். தன் பிள்ளையின் நாலு பக்கத்தை வாசிக்காமல் கோடு இழுத்திருக்கிறார், அதுவும் அவள் சரி, இவர் தப்பு. பின்னால் நிழல் தட்டியது, பறக்கும் படை, முப்பது வயசு மதிக்கத்தக்க ஒரு அம்மா. ஜன்னல் கட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன சார் இது என்றாள். ஒரு கோள்மா, சும்மா, என்றார். அந்த அம்மா எண்களையும் பார்த்தாள், அவர் கண்ணையும் பார்த்தாள், வரலாற்றுப் பரீட்சைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று அவளுக்கே தெரிந்திருக்கவேண்டும், அழித்துவிடுங்கள் என்று மெதுவாகச் சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள். உள்ளங்கையால் துடைத்தார், கை கறுத்துப்போயிற்று.

வாழலாம். பீரோ திறந்ததும் முதல் காரியமாக அதைச் சொல்லிவிடவேண்டும், நிற்கலாம், குதித்தால் குதித்த இடத்திலேயே வந்து விழலாம், வாழலாம் வடிவு, அப்பா தப்பாகப் போட்டுவிட்டேன். சொல்லிப் பார்த்தார், உதடு கூட அசைந்திருக்கும், முன்வரிசைப் பையன் நிமிர்ந்து பார்த்தான். இந்தச் சந்தோஷம் நாலு நிமிஷம் இருந்தது. அதற்குள் அந்தப் பாழாய்ப்போன புத்தி தானாக அடுத்த வரிக்குப் போய்விட்டது, அவர் போகச் சொல்லவில்லை. ஆரம் ஆறாயிரம் மீட்டர் என்றால், ஒரு பொருள் கோளை விட்டுத் தப்பிப் போகிற வேகம், விடுபடு வேகம், எவ்வளவு? இரண்டு, ஒன்பது புள்ளி எட்டு, ஆறாயிரம், பெருக்கி வர்க்கமூலம், முன்னூற்று நாற்பத்துமூன்று. விநாடிக்கு முன்னூற்று நாற்பத்துமூன்று மீட்டர். நம் ஊர் வெயிலில் காற்றின் மூலக்கூறு ஐந்நூறு மீட்டரில் பறக்கிறது. அப்படியென்றால் அந்தக் கோளால் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது. ஆள் நிற்பாள், வீடு நிற்கும், கொடி நிற்கும், காற்று மட்டும் கசிந்து போய்க்கொண்டே இருக்கும். எனக்குத்தான் மூச்சு முட்டுகிறது. அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். சொல்லாமல் விட்டுவிடலாம். யாருக்குத் தெரியப்போகிறது, அது ஒரு விளையாட்டு, பொம்மைக் கோள், வாழலாம் என்று சொல்லி, பத்துக்குப் பத்து என்று சொல்லி, அழ வைத்துச் சிரிக்க வைத்து ஊருக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம். ஆனால் அவளுக்குத் தெரியும், கூட்டிப் போட்ட மதிப்பெண்ணை எட்டு வயசிலேயே அடையாளம் கண்டுகொண்ட பிள்ளை. முதலில் அவள் இருக்கவேண்டுமே. இந்த நினைப்பு வந்ததும் மற்றது எல்லாம் நின்றுபோயிற்று, மின்விசிறி டக் டக் மட்டும் கேட்டது. எண்பத்தாறு வேண்டாம், முன்னூற்று நாற்பத்துமூன்று வேண்டாம், சங்கரன்கோயில் கோமதியம்மன் தாயே, அவள் போனை எடுத்தால் போதும். ஐந்து நிமிஷ மணி அடித்தது. கடைசி மணி அடித்தது. இருபது விடைத்தாளையும் பதிவெண் வரிசையில் அடுக்கினார், எண்ணினார், பத்தொன்பது வந்தது, மறுபடி எண்ணினார், இருபது.

தலைமையாசிரியர் அறையில் பையை மேசைமேல் கவிழ்த்தார்கள். அவருடைய போன் கடைசியாக வந்தது. கோமதி நாலு தடவை கூப்பிட்டிருந்தாள். பதினொன்று நாற்பதுக்கு ஒரு குறுஞ்செய்தி, வீட்டுக்கார அம்மா மேலே போய்க் கதவைத் தட்டினார்கள், திறந்துவிட்டாள், மூன்று நாளாய்ச் சாப்பிடவில்லை போலிருக்கிறது, உங்களைக் கேட்டாள். உங்களைக் கேட்டாள் என்ற இடத்தை இரண்டு தடவை படித்தார். வராந்தாவின் கோடிக்குப் போய் வேப்பமரத்துப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, ஒரு வருஷமாய் அழுத்தாத பேரை அழுத்தினார். நாலு முறை அடித்தது. எடுத்தாள்.

“வடிவு, அப்பா பேசுதேன். ஆரம் ஆறுதான். நான் பழக்கதோஷத்துல பூமியைத் தூக்கிப் போட்டுட்டேன், தப்பு என்மேல. உன்னைத் தூக்கி எறியாது, நிக்கலாம்.”

“தெரியும்ப்பா,” என்றாள். குரல் கம்மியிருந்தது.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். கறுத்த கையை வேட்டியில் துடைத்தார், போகவில்லை.

“ஆனா காத்து நிக்காது, வடிவு.”

பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் விடையை ஒப்பிட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள். மகள் போனை வைத்துவிட்டாளா என்று திரையைப் பார்த்தார், வைக்கவில்லை.

“ஏழாம் பக்கத்துல போட்டிருக்கேன். முன்னூத்தி நாப்பத்திமூணு. நீங்க கோடு இழுத்த பக்கம்,” என்றாள். பிறகு, “அதுக்குத்தான்ப்பா கேட்டேன்,” என்றாள்.

விளையாட்டில் உள்ள கோள்தானே என்று சொல்லலாம், சொல்லக் கூடாது. என்ன காரணம் என்று கேட்கலாம், அதைக் கேட்டால் நாக்கு அழுகிப்போகட்டும்.

“தானா நிக்காது. போகப் போக வெளிய இருந்து யாராவது கொண்டுவந்து குடுத்துக்கிட்டே இருக்கணும்,” என்றார். “ஒரு ஆள் தனியா இருந்தா ஆகாது, ரெண்டு பேர் வேணும். நானும் அம்மையும் அடுத்த ரயிலுக்கு ஏறுதோம். காரணம் எதுவும் கேக்கமாட்டேன்.”

அவள் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது, முதலில் அழுகையாகவும், அப்புறம் வெறும் மூச்சாகவும். ஆவுடையப்பன் சார் வேப்பமரத்தடியில் வெயிலோடு வெயிலாய் நின்று, போனைக் காதிலிருந்து எடுக்காமல் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.